புது பிரிண்டர் போட்டபின் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? எதை முதலில் பார்ப்பது, எதை எப்போது கழற்றுவது: முழுமையான வழிகாட்டி

புது பிரிண்டர் வருகிறது. கூடவே வந்த சாஃப்ட்வேரை ஏற்றுகிறோம். முதல் பக்கம் அழகாக வெளியே வருகிறது. மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால், டெஸ்க்டாப் வந்து ஐந்து நிமிடம் ஆகியும் எதைத் தொட்டாலும் அசையவில்லை. "தம்பி, பிரிண்டர் நல்லாத்தான் அடிக்குது, கம்ப்யூட்டர்தான் படுத்துருச்சு" என்று ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் என்னிடம் சொன்னது இதைத்தான்.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் உடனே எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அதே சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றுகிறார்கள். அதே மூட்டை திரும்ப வருவதால் அதே மெதுவும் திரும்ப வருகிறது. அடுத்ததாக ஃபார்மேட் வரை போய்விடுகிறார்கள். நான் பார்த்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இரண்டுமே தேவைப்படவில்லை.

காரணம் இதுதான். பிரிண்டர் சாஃப்ட்வேர் என்று நாம் ஏற்றுவது ஒரே பொருள் கிடையாது. பிரிண்ட் எடுக்கத் தேவையான டிரைவர் அதில் சிறிய பகுதி. அதோடு இங்க் அளவைப் பார்க்கும் மானிட்டர், ஸ்கேன் பட்டனுக்காகக் காத்திருக்கும் புரோகிராம், அப்டேட் தேடும் புரோகிராம், போட்டோ எடிட்டர், ஸ்கேன் செய்ததை எழுத்தாக மாற்றும் சாஃப்ட்வேர் என ஒரு கூட்டமே உள்ளே வருகிறது. டிரைவர் நாம் பிரிண்ட் கொடுக்கும்வரை பெரும்பாலும் சும்மா இருக்கும். மற்றவை நீங்கள் பாஸ்வேர்டு போட்ட நொடியில் எழுந்துவிடும். அதனால் கூட வந்தவற்றை முதலில் பார்க்க வேண்டும், டிரைவரைக் கடைசியில்தான் தொட வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது இல்லாமல் பாதி வழியில் நின்றால், அரைகுறையாகக் கழன்ற சாஃப்ட்வேர் முன்பைவிடத் தொல்லை.

பிரிண்டரின் மாடல் எண்ணை முன்பக்கம் பார்த்து எழுதாதீர்கள். பின்னாலோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து முழுதாக எழுதுங்கள். ஒரே வரிசையில் கடைசி எழுத்து மட்டும் மாறும் மாடல்கள் உண்டு. அவற்றுக்கு டிரைவரும் மாறும்.

அந்த எண்ணுக்கு உரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து இப்போதே இறக்கி வையுங்கள். இருப்பதைக் கழற்றிவிட்டுத் தேடினால் அவசரத்தில் ஏதோ ஒரு தளத்தில் விழுந்துவிடுவீர்கள். தேடலில் மேலே வரும் "டிரைவர் அப்டேட்டர்" வகைகள் எதையும் ஏற்ற வேண்டாம். பிரிண்டர் ஹெல்ப்லைன் என்று தேடி வரும் போன் நம்பர்களிலும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். யாராவது ரிமோட் ஆப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

பிறகு ஒரு ரெஸ்டோர் பாயிண்ட், அதாவது ஏதாவது கெட்டால் விண்டோஸை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் சேமிப்பு. ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்" என்று தேடித் திறந்தால், சி டிரைவுக்கு எதிரே புரொடெக்ஷன் ஆஃப் என்று இருக்கக்கூடும். கான்ஃபிகர் போய் ஆன் செய்துவிட்டு, பிறகு கிரியேட் கொடுங்கள். ஆஃபில் இருப்பதைக் கவனிக்காமல், திரும்பிப் போக வழி இருக்கிறது என்று நம்பி இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். எதை நிறுத்தினோம் என்று எழுதாமல் செய்தால், பத்தாவது நிமிடத்தில் எது பலன் தந்தது என்றே தெரியாது.

2. முதலில் ஒரு ரீஸ்டார்ட், பிறகு ஒரு கேள்வி

ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இங்கே போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படாமல் டிஸ்கில் சேமிக்கப்படுகிறது. மறுநாள் அதையே எடுத்துத் தொடர்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். தினமும் ஷட் டவுன் செய்யும் கம்ப்யூட்டரில்கூட டாஸ்க் மேனேஜரின் (திறக்கும் முறை 4-ஆம் பகுதியில்) பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் "அப் டைம்" பல நாள் காட்டுவது இதனால்தான்.

ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அப்டேட் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பெரிய அப்டேட் அதே நாளில் இறங்கிக்கொண்டிருந்தால் பிரிண்டர் மேல் பழி விழும். அது முடியும்வரை காத்திருங்கள்.

இப்போது கேள்வி. எப்போது மெதுவாகிறது? ஆன் செய்த முதல் சில நிமிடங்களிலா? நாள் முழுவதுமா? வேர்டு, எக்செல் திறக்கும்போது மட்டுமா? பிரிண்ட் ஓடும்போது மட்டுமா? விடையைத் தாளில் எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் 3 முதல் 6 வரையிலான பகுதிகளை வரிசையாகச் செய்யுங்கள். மூன்றாவதானால் நேராக 7-க்குப் போகலாம்.

நான்காவதானால் அது கோளாறாக இல்லாமல் இருக்கலாம். நம் கடைகளில் நிறைய ஓடும் கேனான் எல்பிபி 2900 போன்ற சிறிய லேசர் பிரிண்டர்களில், பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்து அனுப்புகிறது. படம் நிறைந்த பிடிஎஃப் கொடுத்தால் பழைய பிராசஸர் திணறும். சாஃப்ட்வேரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. பிரிண்ட் தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

3. கேபிளைக் கழற்றி ஒரு சோதனை

யுஎஸ்பி பிரிண்டர் என்றால் கேபிளை உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் திரும்பிவிட்டால் சிக்கல் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. வேறு யுஎஸ்பி போர்ட்டில், நடுவே ஹப் இல்லாமல், வேறு கேபிளில் போட்டுப் பாருங்கள். கேபிளைக் கழற்றியும் மெதுவாகவே இருந்தால் உள்ளே ஓடும் புரோகிராம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வைஃபை பிரிண்டரில் இந்தச் சோதனை ஏமாற்றும். பிரிண்டரை ஆஃப் செய்தால், அதைக் காணோம் என்று தேடும் சாஃப்ட்வேர் இன்னும் அதிகமாக வேலை செய்யலாம். ஆஃப் செய்ததும் நிலைமை மோசமானால் அதுவும் ஒரு தடயம். எழுதிக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டு சொருகும் இடம் உள்ள பிரிண்டர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது "திஸ் பிசி"யில் காலியான ஒரு டிரைவாக வந்து உட்காரும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போது அந்தக் காலி டிரைவையும் கேட்டுப் பார்ப்பதால் சில கம்ப்யூட்டர்களில் தயங்கும். கார்டு வசதி தேவையில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவை மட்டும் டிசேபிள் செய்யலாம்.

4. டாஸ்க் மேனேஜரில் யார் என்று பார்ப்பது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பிராசஸஸ் பக்கத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு தலைப்பின் மேலும் ஒருமுறை கிளிக் செய்தால் அதிகம் எடுப்பது மேலே வரும். உடனே முடிவெடுக்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள், ஒரு நொடி எகிறி இறங்குவதெல்லாம் இயல்பு.

அந்த ஜெராக்ஸ் கடையில் சிபியு 20 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். பிரிண்டரோடு வந்த மூன்று புரோகிராம்கள் ஒரே நேரத்தில் எழுந்ததும் ராம் நிரம்பி, விண்டோஸ் டிஸ்கையே ராமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. புதிய எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் இதே மூன்றும் ஓடினால் ஒருவேளை உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பெயர் புரியாத புரோகிராம் என்றால் அதன் மேல் வலது கிளிக் செய்து "ஓப்பன் ஃபைல் லொகேஷன்" கொடுங்கள். எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று பார்த்தால் பிரிண்டரோடு வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

"ஸ்பூலர் சப்சிஸ்டம் ஆப்" என்பது பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் சொந்தப் பகுதி. அது மேலே நின்றால் 6-ஆம் பகுதிக்குப் போங்கள். "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்" மேலே நின்றால் உடனே டிஃபெண்டரை (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸை) நிறுத்த ஓடாதீர்கள். பிரிண்டர் புரோகிராம் ஒன்று ஓயாமல் ஃபைல் எழுதிக்கொண்டிருந்தால், அதைச் சோதிக்கும் வேலையில் டிஃபெண்டரும் சேர்ந்து இழுபடும். எழுதுபவரை நிறுத்தினால் இதுவும் அடங்கும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, "எண்ட் டாஸ்க்" கொடுத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது. அது அப்போதைக்கு மட்டும்தான் நிற்கும், அடுத்த முறை ஆன் செய்தால் வந்துவிடும். எண்ட் டாஸ்க்கை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் வேகம் வந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

5. தானாக எழுபவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துவது

டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்கள். "ஸ்டார்ட்அப் இம்பாக்ட்" என்ற இடத்தில் ஹை என்று இருந்தால், அந்தப் புரோகிராம் தொடக்கத்தில் 1 நொடிக்கு மேல் சிபியு நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்திருக்கிறது என்று பொருள். "நாட் மெஷர்ட்" என்று இருந்தால் விண்டோஸ் இன்னும் அளக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள்.

பிரிண்டரோடு வந்தவற்றை வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று, பிறகு ரீஸ்டார்ட். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மொத்தமாக நிறுத்திவிட்டு, மறுநாள் "ஸ்கேன் வேலை செய்யவில்லை" என்று நின்றால் எதைத் திருப்பிப் போடுவது என்று தெரியாது.

எதை நிறுத்தினால் எதை இழப்பீர்கள் என்று தெரிந்துகொண்டு நிறுத்துங்கள். இங்க் மானிட்டர் போனால் மூலையில் வரும் எச்சரிக்கை போகும், அவ்வளவுதான். இங்க் அளவைப் பிரிண்டரின் திரையிலோ வெளியே தெரியும் இங்க் தொட்டியிலோ பார்த்துக்கொள்ளலாம். ஸ்கேன் பட்டன் புரோகிராமை நிறுத்தினால், பிரிண்டரில் உள்ள ஸ்கேன் பட்டனை அழுத்தும்போது கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் போகலாம். கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கேன் கொடுப்பது வழக்கம்போல நடக்கும். கடையில் ஆதார் நகல் ஸ்கேன் செய்ய அந்தப் பட்டனையே நம்பியிருப்பவர்கள் இதை மட்டும் விட்டுவையுங்கள். அப்டேட்டரைத் தயங்காமல் நிறுத்தலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை நீங்களே தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

ஸ்டார்ட்அப் பட்டியலில் இல்லாமலே ஓடுபவையும் உண்டு. "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, தயாரிப்பாளரின் பெயரில் உள்ளவற்றை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். டிசேபிள்டு வேண்டாம். மேனுவலில் வைத்தால் தேவைப்படும்போது வேறொரு புரோகிராம் அதை எழுப்பிக்கொள்ள முடியும். குறித்த நேரத்தில் புரோகிராம்களை எழுப்பும் டாஸ்க் ஷெட்யூலரிலும் பாருங்கள், அப்டேட்டர்கள் ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். "பிரிண்ட் ஸ்பூலர்" என்ற சர்வீஸை மட்டும் மாற்றக் கூடாது. அது நின்றால் எந்தப் பிரிண்டரும் ஓடாது.

அந்தக் கடையில் வேலை இந்த இடத்தோடு முடிந்தது. பாஸ்வேர்டு போட்டு பிரவுசர் திறக்க ஏழு நிமிடம் ஆனது, அப்டேட்டரையும் இங்க் மானிட்டரையும் நிறுத்தியபின் இரண்டு நிமிடத்துக்கு வந்தது. டிரைவரை நான் தொடவே இல்லை.

6. தேங்கிய பிரிண்ட் வேலைகளைத் துடைப்பது

பழைய பிரிண்டருக்குக் கொடுத்த ஏதோ ஒரு ஃபைல் வரிசையிலேயே சிக்கிக்கொண்டு, ஸ்பூலர் அதையே திரும்பத் திரும்ப அனுப்ப முயன்றுகொண்டிருக்கும். வரிசையில் கேன்சல் கொடுத்தும் "டிலீட்டிங்" என்றே நிற்கும்.

சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்யுங்கள். பிறகு சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போங்கள். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுங்கள். உள்ளே உள்ள ஃபைல்களை அழியுங்கள், ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் "டிரைவர்ஸ்" ஃபோல்டர் பக்கமே போகாதீர்கள். பிறகு ஸ்பூலரை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டாப் செய்யாமல் அழிக்கப் போனால், ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் விடாது.

சில நாளில் மறுபடி நிரம்பினால் பிரிண்டர் புராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைப் பாருங்கள். "கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்" டிக் ஆகியிருந்தால் அடித்து முடித்த ஒவ்வொன்றையும் சேமித்துவைக்கும். எடுத்துவிடுங்கள்.

7. வேர்டும் எக்செலும் மட்டும் தயங்கினால்

இந்த இரண்டும் திறக்கும்போது டிஃபால்ட் பிரிண்டரிடம் தாளின் அளவையும் ஓரத்தையும் கேட்கின்றன. அந்தப் பிரிண்டர் ஆஃபில் இருந்தாலோ, அதன் ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) மாறியிருந்தாலோ, பதில் வரும்வரை காத்திருக்கின்றன. சாஃப்ட்வேர் மெதுவாகிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு நிமிடச் சோதனை உண்டு. செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பக்கம் போய், "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்" என்பதை ஆஃப் செய்யுங்கள். பிறகு "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" என்பதை டிஃபால்ட் ஆக்குங்கள். வேர்டைத் திறந்து பாருங்கள். பட்டென்று திறந்தால் வேர்டில் பழுதில்லை, பிரிண்டருக்குப் போகும் பாதையில்தான் பழுது. முதல் வேலையை மறந்தால் அடுத்து எடுக்கும் பிரிண்டோடு டிஃபால்ட் தானாக மாறிவிடும், சோதனையும் கெட்டுவிடும்.

நெட்வொர்க் பிரிண்டர் என்றால் பிரிண்டர் புராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கத்தைத் திறங்கள். டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட் இருந்தால், ஆட் போர்ட் கொடுத்து ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்டைத் தேர்ந்து பிரிண்டரின் ஐபி எண்ணை நீங்களே போடுங்கள். தேடிக் கண்டுபிடிக்கும் வேலை இல்லாமல் நேரே போய்விடும். கான்ஃபிகர் போர்ட்டில் "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு" டிக்கையும் எடுத்துப் பாருங்கள், பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் வசதி அது. பிரிண்டர் அந்த விசாரிப்புக்குப் பதில் சொல்லாவிட்டால் ஆன் ஆகியிருக்கும் பிரிண்டரையே ஆஃப்லைன் என்று காட்டும்.

இத்தனையும் செய்துவிட்டு ரவுட்டரில் அந்த ஐபியை இந்தப் பிரிண்டருக்கென்று ஒதுக்காமல் விட்டால், ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு எண் மாறி எல்லாம் பழையபடி ஆகிவிடக்கூடும்.

8. முழுதாகக் கழற்றுவது: வரிசை மாறக் கூடாது

மேலே எதுவும் பலிக்கவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும்.

யுஎஸ்பி கேபிளை முதலில் கழற்றுங்கள். செருகியபடியே அன்இன்ஸ்டால் செய்தால், கழற்றியதை விண்டோஸ் மறுபடி போட்டுவிடும். "காப்பி 1" என்று ஒரே பிரிண்டர் இரண்டு முறை தெரிவதற்கு இது ஒரு காரணம்.

பிரிண்ட் வரிசையைக் காலி செய்யுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் செய்த தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். அந்த நாளில் என்னென்ன உள்ளே வந்தன என்பது கண்முன் நிற்கும். வேறு நிறுவனத்தின் பெயரில் வந்த ஸ்கேன் சாஃப்ட்வேரையும் போட்டோ ஆப்பையும் இப்படித்தான் பிடிக்க முடியும். பெயரைத் தேடினால் இவை மாட்டாது. துணைப் புரோகிராம்களை முதலில் அன்இன்ஸ்டால் செய்து, முக்கியப் பேக்கேஜைக் கடைசியில் எடுங்கள்.

அடுத்து பிரிண்டர்ஸ் பக்கத்தில் அந்தப் பிரிண்டரை ரிமூவ் செய்து, ரீஸ்டார்ட்.

இதற்குப் பிறகும் டிரைவர் உள்ளேயே இருக்கும். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அதே பிரிண்டர்ஸ் பக்கத்தில் உள்ள பிரிண்ட் சர்வர் புராப்பர்ட்டீஸைத் திறந்து டிரைவர்ஸ் பக்கத்தில் அதைத் தேர்ந்து, ரிமூவ் கொடுத்து, "டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், பிரிண்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்து உடனே மறுபடி முயலுங்கள். முடிந்ததும் இன்னொரு ரீஸ்டார்ட்.

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் ஃபோல்டரைக் கையால் அழிப்பது மட்டும் வேண்டாம். அன்இன்ஸ்டால் செய்யும் புரோகிராமும் அதற்குள்தான் இருக்கும். அது போய்விட்டால் முறையாகக் கழற்ற வழியே இல்லாமல் போகும், ஆன் செய்யும்போதெல்லாம் பிழைச் செய்தியும் வரலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் இங்கே உதவாது.

இப்போது பிரிண்டர் இல்லாத நிலையில் அரைமணி நேரம் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள். இன்னும் மெதுவாகவே இருந்தால் பிரிண்டர் காரணமே அல்ல. ஹார்டு டிஸ்க்கின் நிலை, ராம் அளவு, வைரஸ் என்று தேட வேண்டிய இடம் வேறு.

9. டிரைவரை மட்டும் போடுவது

வேகம் திரும்பியிருந்தால், இனி முழு மூட்டையை ஏற்ற வேண்டாம்.

சமீபத்திய மாடல்கள் பலவற்றுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. மோப்ரியா முத்திரை (பல நிறுவனங்களுக்குப் பொதுவான பிரிண்ட் தரத்தின் அடையாளம்) உள்ள பிரிண்டர்களை விண்டோஸ் தன்னிடமுள்ள ஐபிபி கிளாஸ் டிரைவர் என்ற பொது டிரைவரை வைத்தே ஓட்டிவிடும். பிரிண்டர்ஸ் பக்கத்தில் ஆட் டிவைஸ் கொடுத்து, வந்ததைச் சேர்த்தால் போதும். ஸ்கேன் எடுக்க, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் விண்டோஸ் ஸ்கேன் ஆப் பலருக்குப் போதுமானது.

பழைய மாடல் என்றால், முன்பு டிரைவரை இறக்கிய அதே தளத்தில் "பேசிக் டிரைவர்" அல்லது "டிரைவர் ஒன்லி" என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். முழுப் பேக்கேஜ் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், ஏற்றும்போது "ரெகமண்டெட்" என்பதை விட்டு "கஸ்டம்" என்பதை அழுத்துங்கள். பட்டியலில் பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் டிரைவர் இரண்டை மட்டும் விட்டு மற்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். பயன்பாட்டு விவரங்களை அனுப்பச் சம்மதமா என்று கேட்கும் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லலாம், பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. கேபிளைச் செருகச் சொல்லும்போது மட்டும் செருகுங்கள். முன்னதாகச் செருகினால் விண்டோஸ் தன் டிரைவரைப் போட்டு, இரண்டும் மோதும்.

முடிந்ததும் ஒரு டெஸ்ட் பேஜ், ஒரு ஸ்கேன், ஒரு ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் ஆனபின் ஸ்டார்ட்அப் பக்கத்தை மறுபடி திறந்து, புதிதாக எதுவும் ஏறவில்லை என்று பாருங்கள்.

ஆரம்பத்தில் எடுத்த தாளில் மாடல் எண், ஐபி எண், நிறுத்திய புரோகிராம்கள் எல்லாம் இப்போது இருக்கும். அதைப் பிரிண்டரின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்து யார் வந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் அங்கிருந்து தொடங்கலாம்.